படித்தது எங்கே என்று கேட்காத தேர்வு

(மதுரையில் ஆசிரியர்களும் தொழிற்சங்கத்தினரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘தேசியத் தகுதி முறையும் வாழ்நாள் கல்வியும்’ என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் வராமல் இருந்துவிடுவார்களோ என்று பயந்தேன். வந்திருக்கிறீர்கள், நன்றி. தில்லி அறிவிக்கைகளின் நடையில் இதைப் பேசினால் கால் மணி நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால் நம் ஊரிலிருந்தே, 1901-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த ஆண்டு செப்டம்பர் 14 அன்று பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் நூலகம் வைத்தது, அச்சுக்கூடம் வைத்தது, அடுத்த ஆண்டே ‘செந்தமிழ்’ இதழைக் கொண்டுவந்தது. விழா மேடைகளில் இவற்றையெல்லாம் விரிவாகச் சொல்வார்கள். சங்கம் தேர்வு நடத்தியதை மட்டும் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். என் கணக்கில் அது நூலகத்துக்குச் சற்றும் குறையாத வேலை. பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் என்று மூன்று நிலைத் தேர்வுகள். இன்ன நூல்கள் பாடம் என்று தெரியும். படித்துவிட்டு எழுத வேண்டியதுதான். சங்கத்தின் கலாசாலையில் படித்தவர்களும் எழுதினார்கள், அதன் வாசலை மிதிக்காதவர்களும் எழுதினார்கள். விடைத்தாள் சரியாக இருந்தால் பட்டம்.

அப்படி எழுதியவர்களில் ஒருவர் மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்த மயில்வாகனன். பள்ளி ஆசிரியராக இருந்தவர், கொழும்பில் தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியல் படித்தார். 1916-இல் அறிவியல் டிப்ளமாவும் பெற்றார், அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் பெற்றார். பிறகு ஆசிரியர் வேலையில் இருந்துகொண்டே லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டத்தையும் எடுத்தார். லண்டன் பல்கலைக்கழகம் 1858-லிருந்தே வெளியூர் மாணவர்களுக்கும் தேர்வைத் திறந்துவிட்டிருந்தது. பின்னாளில் துறவு பூண்டு சுவாமி விபுலானந்தர் ஆனவர் இவர்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். ‘யாழ் நூல்’ எழுதியவர். இசையும் இயற்பியலும் தமிழும் ஒருவரிடத்தில் கூடிய அந்த அபூர்வத்துக்குப் பின்னால் லண்டனில் ஒரு தேர்வும் மதுரையில் ஒரு தேர்வும் இருந்தன. இரண்டுமே ‘எங்கே உட்கார்ந்து படித்தாய்’ என்று கேட்கவில்லை.

தேவநேயப் பாவாணர் பள்ளியில் ஆசிரியராக இருந்த காலத்தில், 1924-இல், இதே பண்டிதர் தேர்வில் தேறினார். யாழ்ப்பாணத்துப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை 1926-இல் தேறினார். கடலுக்கு அப்பாலிருந்தும் மதுரைச் சான்றைத் தேடி ஆட்கள் வந்ததற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். தேர்வு கடினம்; பெயருக்கு வைத்த தேர்வு அல்ல. அடுத்தது, அந்தப் பட்டத்தைப் பள்ளிகள் மதித்தன. பண்டிதர் என்றால் தமிழாசிரியர் வேலைக்கு வழி இருந்தது. கடினமான தேர்வு, மதிக்கப்படும் சான்று. இந்த இரண்டும் ஒரு சேர இருந்தால் நாற்பது வயதுக்காரனையும் விளக்கேற்றிப் படிக்கச் சொல்லி யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை. இன்று நான் சொல்ல வந்தது பெரும்பாலும் இவ்வளவுதான். மீதி நேரத்தை, இந்த இரண்டும் சேர்ந்திருந்த இடங்களையும் பிரிந்துபோன இடங்களையும் காட்டுவதற்குச் செலவிடுகிறேன்.

மு. வரதராசனாரை நாவலாசிரியராகத் தெரிந்த அளவுக்குத் தனித்தேர்வராக நமக்குத் தெரியாது. பள்ளியிறுதி முடித்ததும் அவர் சேர்ந்தது கல்லூரியில் அல்ல, தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக. உடல்நலம் கெட்டு வேலையை விட்டார். வீட்டிலிருந்தே தமிழ் படித்து 1935-இல் சென்னைப் பல்கலைக்கழக வித்துவான் தேர்வில் முதலாவதாகத் தேறினார். பள்ளியில் தமிழாசிரியர் ஆனார். வேலையில் இருந்தபடியே 1939-இல் பி.ஓ.எல்., 1944-இல் எம்.ஓ.எல். 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஆள். 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக வந்தார். கல்லூரி வகுப்பில் மாணவனாக உட்காராத ஒருவர் பல்கலைக்கழகத்தின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்த கதை இது. அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே உழைப்புள்ள எழுத்தர்கள் பல தாலுகா அலுவலகங்களில் இருந்திருப்பார்கள். வித்துவான் தேர்வு தனித்தேர்வர்களுக்குத் திறந்திருந்ததால்தான் இவருடைய உழைப்புக்கு ஒரு போக்கிடம் கிடைத்தது.

அவர் வந்த காலத்தை ஒட்டித்தான் மதுரைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழிக் கல்வியும் தொடங்கியது. தபாலில் வரும் பாடக்கட்டு, விடுமுறை நாள் வகுப்பு, ஏதோ ஒரு கல்லூரியில் தேர்வு மையம். இந்த அவையிலேயே அப்படிப் பட்டம் வாங்கியவர்கள் இருப்பீர்கள். ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள், நடத்துநர்கள், தபால்காரர்கள், கல்யாணமாகி வந்த வீட்டில் பி.ஏ. முடித்த பெண்கள். ‘கரஸ்ல படிச்சது’ என்று உறவினர்கள் சற்று இளக்காரமாகச் சொல்வார்கள். அந்த இளக்காரத்தைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

பட்டப்படிப்பை விடுங்கள். தமிழ்நாட்டில் வயது வித்தியாசம் பார்க்காமல் மக்கள் சொந்தக் காசில் படித்த படிப்பு எது? தட்டச்சு. மாடிப்படி ஏறும்போதே சத்தம் கேட்கும் அந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் பத்தாவது முடித்த பையனும் இரண்டு குழந்தைக்குத் தாயும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருப்பார்கள். ஆங்கிலத்தில் இளநிலை என்றால் நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலை என்றால் 45. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தேர்வு நடத்தும். சொல்லிக்கொடுப்பது தனியார், சோதிப்பது அரசு. இந்தப் பிரிவினை மிகவும் முக்கியம். சொல்லிக்கொடுப்பவரே தேர்வும் வைத்துச் சான்றும் கொடுத்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. அந்தச் சான்று செல்லுமிடமும் தெளிவாக இருந்தது. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தட்டச்சர் பணிக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் முதுநிலை தேறியவருக்கு முதல் இடம், ஒன்றில் முதுநிலையும் மற்றொன்றில் இளநிலையும் தேறியவர் அடுத்து. இந்தக் காகிதம் இந்த நாற்காலிக்குச் செல்லும் என்று கடைசி கிராமத்தில் இருப்பவருக்கும் தெரியும். கொள்கை ஆவணம் எழுதுகிறவர்கள் ஒரு மாலை நேரம் அந்த மாடியில் போய் உட்கார்ந்து பார்க்கலாம்.

இன்னொரு தேர்வு இருக்கிறது, மேடையில் யாரும் சொல்வதில்லை. மின்கம்பியாள் உதவியாளர் தகுதித் தேர்வு. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், ஒயரிங் வேலையில் ஐந்தாண்டுக்குக் குறையாத அனுபவம் இருக்க வேண்டும். ஒரு ஒயர்மேனிடம் கையாளாகப் போய்ச் சுவரைக் கொத்திக் குழாய் பதித்துத் தொழில் கற்ற பையன், இந்தத் தேர்வை எழுதிச் செய்முறையும் காட்டினால் அரசு அவனை ஏற்கும். இன்று ‘முன்கற்றலை ஏற்பது’ என்று உலகம் முழுக்க மாநாடு போட்டுப் பேசுகிறார்களே, அது இதுதான். புதுப் பெயர் வருவதற்கு முன்னாலேயே நம்மிடம் இருந்தது. ஆனால் இந்தத் தேர்வு ஏன் மின்சாரத்தோடு நின்றுபோனது? கொத்தனாருக்கு ஏன் இல்லை, பிளம்பருக்கு ஏன் இல்லை? மின்சாரம் உயிரைப் பறிக்கும், அதனால் உரிமம் இல்லாதவரைத் தொடவிடக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. சட்டம் கேட்கிற இடத்தில்தான் சான்றுக்கு மதிப்பு வருகிறது.

சட்டம் வேண்டாத இடத்தில் படிப்பைக் கேட்டதும் உண்டு. கனரக வாகனம் ஓட்டும் உரிமத்துக்கு எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதி இருந்தது. லாரியை மலைப்பாதையில் ஏற்றி இறக்கத் தெரிந்தவரிடம் போய் எட்டாவது மதிப்பெண் பட்டியலைக் கேட்டோம். 2019-இல் மத்திய அரசு அதை நீக்கியது.

இனி, மூடிய வழிகளைப் பார்ப்போம்.

இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் எஞ்சினியர்ஸ் என்ற அமைப்பு 1920-இல் பிறந்தது. அது நடத்திய ஏ.எம்.ஐ.இ. தேர்வு, டிப்ளமா முடித்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்குப் பொறியாளர் ஆவதற்கான வழி. ஏ பிரிவு, பி பிரிவு என்று இரண்டையும் முடித்தால் பி.இ.க்கு இணை. பகலில் ஷிப்ட், இரவில் கணக்கு. பல ஆண்டு இழுக்கும், இடையில் விட்டவர்களே அதிகம். ஆனால் முடித்தவரைத் தொழிற்சாலையில் யாரும் குறைத்து மதிப்பதில்லை. 2013 மே 31-க்குப் பிறகு பதிவு செய்தவர்களுக்கு இந்த இணைத்தகுதி கிடையாது என்று மத்திய அரசு முடிவு செய்துவிட்டது. இன்னொரு பக்கம் நாடு முழுக்கப் பொறியியல் கல்லூரிகள் இடம் நிரம்பாமல் இருந்தன. வேலை பார்க்கிறவன் நாலு வருஷம் வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவனைப் படிக்காதே என்று சொல்வதற்குச் சமம்.

அடுத்தது நம்மைச் சுட்ட கதை. திறந்தவெளிப் பல்கலைக்கழக முறையில், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் நுழைவுத் தேர்வு எழுதிப் பட்டப்படிப்பில் சேரலாம் என்று ஒரு காலம் இருந்தது. இளங்கலை இல்லாமலே நேரடியாக முதுகலை படித்தவர்களும் உண்டு. 2009-இல் உச்ச நீதிமன்றம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், இளங்கலை இல்லாத அந்த முதுகலையைப் பணி நியமனத்துக்கு ஏற்க முடியாது என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் பணியாளர் துறை ஓர் ஆணை போட்டது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு வாங்கிய திறந்தவெளிப் பட்டம் மட்டுமே அரசு வேலைக்குச் செல்லும் என்று.

நீதிமன்றத்தின் தர்க்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இளங்கலையே இல்லாத முதுகலை என்பது எனக்கும் நெருடும் விஷயம்தான். ஆனால் பணம் வாங்கிச் சேர்த்துக்கொண்டு, தேர்வு வைத்து, பட்டமளிப்பு விழாவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் அது. கொடுத்ததும் ஒரு பொது நிறுவனம், மறுத்ததும் ஒரு பொது நிறுவனம். நடுவில் நின்றவர், குடும்பத்துக்காக எட்டாவதோடு நின்று முப்பத்தைந்து வயதில் மறுபடி புத்தகத்தைத் தொட்டவர். அவரைப் பார்த்த தெருவில் இன்னொருவர் படிக்கத் துணிவாரா? ‘கரஸ்’ என்ற இளக்காரம் இங்கேதான் வேர் பிடித்தது. ஒரு தகுதி முறை செய்யக்கூடிய மிகப் பெரிய தீங்கு, தந்த சான்றைப் பின்னால் செல்லாது என்று சொல்வது.

இப்போது தில்லிக்கு வருகிறேன். 2013 டிசம்பர் 27 அன்று தேசியத் திறன் தகுதிச் சட்டகம் அறிவிக்கப்பட்டது. நாட்டில் உள்ள எந்தப் படிப்பையும் எந்தத் தொழில் திறனையும் ஒரே அளவுகோலில் நிலைகளாக வரிசைப்படுத்துவது அதன் நோக்கம். முதலில் பத்து நிலைகள், பிறகு 2023-இல் எட்டாகச் சுருக்கி நடுநடுவே அரை நிலைகளும் வைத்தார்கள். இதை மேற்பார்க்க தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமம் 2018-இல் அமைக்கப்பட்டது. 2023-இல் வந்த தேசியக் கடன்புள்ளிச் சட்டகம், 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு புள்ளி, ஆண்டுக்கு 1200 மணி, 40 புள்ளி என்று கணக்கு வகுத்தது. பள்ளி, கல்லூரி, தொழிற்பயிற்சி எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு. வேலை அனுபவத்துக்கும் எடை உண்டு என்கிறது. காகிதத்தில் பார்த்தால் பாண்டித்துரைத் தேவரே பாராட்டுவார்.

மதுரைச் சமவெளியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மேலூர்ப் பக்கம் கண்மாய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேல் கண்மாய் நிரம்பினால் கலிங்கில் மறுகால் பாய்ந்து, ஓடை வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும். தகுதிச் சட்டகம் செய்ய நினைப்பது இதைத்தான். ஐ.டி.ஐ.யில் நிரம்பியது பாலிடெக்னிக்குக்குப் பாய வேண்டும், பாலிடெக்னிக்கில் நிரம்பியது பொறியியலுக்கு. தில்லிக்காரர்கள் கண்மாய்களை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட்டு, அழகான வரைபடம் தயாரித்துவிட்டார்கள். ஓடையில் வீடு கட்டியிருக்கிறதா என்று போய்ப் பார்க்கவில்லை.

சில ஓடைகள் ஓடத்தான் செய்கின்றன. தமிழ்நாட்டில் எட்டாவதோடு ஐ.டி.ஐ. முடித்தவர், பத்தாம் வகுப்பின் மொழித் தாள்களை மட்டும் எழுதினால் பத்தாவதுக்கு இணை பெறலாம். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமா முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். லேட்டரல் என்ட்ரி என்றால் நம் பிள்ளைகளுக்கு உடனே புரியும். அரசு ஐ.டி.ஐ.யில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வயதே கிடையாது. இதை உங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று விசாரித்துப் பாருங்கள். பள்ளி வாசலே தெரியாதவரும் பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை நேரடியாக எழுதலாம். ஐம்பது வயதிலும் எழுதலாம். இவையெல்லாம் பெரிய சட்டகம் வருவதற்கு முன்னால், ஒவ்வொரு துறையும் தனித்தனியாகச் சிறு ஆணைகளால் வெட்டிய வாய்க்கால்கள். பெரும்பாலும் இவைதான் இன்றும் வேலை செய்கின்றன.

அடைபட்ட ஓடைக்கு உதாரணம், நம் ஊர்க் கொத்தனார். பிரதமர் திறன் வளர்ச்சித் திட்டம் 2015-இல் வந்தது. அதில் முன்கற்றலை ஏற்கும் பிரிவு ஒன்று உண்டு. வேலை தெரிந்தவருக்குச் சில மணி நேர அறிமுகப் பயிற்சி, ஒரு மதிப்பீடு, ஒரு சான்று, ஒரு கட்டத்தில் 500 ரூபாயும் வங்கிக் கணக்கில் போட்டார்கள். அந்தச் சான்றை எடுத்துக்கொண்டு அவர் எங்கே போவார்? காலையில் ஆள் கூடும் முக்கில் மேஸ்திரி வந்து சான்றைப் பார்ப்பதில்லை. முந்தைய வாரம் இவர் எழுப்பிய சுவரைப் பார்த்திருப்பார், அல்லது பார்த்தவரைக் கேட்பார். கூலியில் பத்து ரூபாய்கூட வித்தியாசம் வராது. அடுத்த நிலைக்குப் போகலாம் என்றால் அதை நடத்தும் இடம் பக்கத்தில் இல்லை. சான்று பீரோவில் ரேஷன் கார்டோடு சேர்ந்து தூங்கும். இதைப் பார்த்துவிட்டு, ‘தொழிலாளர்களுக்குக் கற்கும் ஆர்வம் இல்லை’ என்று அறிக்கை எழுதுகிறார்கள். அவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். ஒரு நாள் வேலை போனால் எவ்வளவு போகும், சான்றால் எவ்வளவு வரும் என்று கூட்டிக் கழித்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

சவூதி அரேபியா இந்தியாவிலேயே மையம் வைத்து, சில தொழில்களுக்கு அந்த மையத்தில் சோதித்துத் தேறியவரைத்தான் எடுக்கிறது. அதற்கு நம் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், தேர்வுக்குப் பயிற்சியும் எடுக்கிறார்கள். ஆர்வம் எங்கிருந்து வந்தது?

நம் அரசிடமும் ஒரு கருவி இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்துவதில்லை. பொதுப்பணித் துறையின் விலை விகிதப் பட்டியலில் கொத்தனாருக்கு முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று தனித்தனிக் கூலி போட்டிருக்கிறது. யார் முதல் வகுப்பு? வேலையிடத்தில் ஒப்பந்ததாரர் சொல்வதுதான் கணக்கு. அரசுக் கட்டடத்தில் முதல் வகுப்புக் கொத்தனார் என்று பில் போட்டால், இன்ன நிலைச் சான்று உள்ளவராக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கட்டும். சான்று பீரோவிலிருந்து வெளியே வந்துவிடும்.

சித்தாள் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆண் பிள்ளை ஒருவன் சித்தாளாக வந்தால் சில ஆண்டுகளில் கரண்டியைப் பிடித்துவிடுவான். பெண் இருபது ஆண்டு கலவை சுமந்தாலும் சித்தாளாகவே இருக்கிறாள். அவளுக்கு மட்டம் பார்க்கத் தெரியும், கலவையில் சிமெண்ட் குறைந்தால் கையிலேயே தெரியும். கொத்தனார் பக்கத்தில் இல்லாத நேரத்தில் பூசவும் செய்வாள். ஆனால் ‘கொத்தனார்’ என்று அவளைக் கூப்பிட ஆளில்லை. ஊர் வழக்கத்தை அறிவுரை மாற்றாது. வெளியாள் ஒருவர் முகம் பார்க்காமல் சுவரை மட்டும் பார்த்து மதிப்பிட்டுத் தரும் சான்று கொஞ்சமாவது அசைக்கும். தகுதிச் சட்டகத்தால் அதிகம் ஆதாயம் அடையக்கூடியவர் அவள்தான். அவளை மனதில் வைத்து எழுதிய ஒரு பக்கத்தையும் நான் அதில் காணவில்லை.

எல்லாவற்றுக்கும் சான்று வேண்டும் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். சுங்குடிச் சேலைக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முடிச்சுப் போடுகிற அம்மாவுக்கு நிலை நாலு, நிலை ஐந்து என்று முத்திரை குத்துவதால் முடிச்சு நேர்த்தியாகிவிடாது. விளாச்சேரியில் பொம்மை செய்கிறவருக்கும் அப்படித்தான். ஆனால் அதே அம்மா ஒரு பள்ளியிலோ பயிற்சி நிலையத்திலோ போய்ச் சொல்லிக்கொடுக்க விரும்பினால்? 2020 தேசியக் கல்விக் கொள்கை உள்ளூர்க் கைவினைஞர்களைப் பள்ளிக்கு அழைத்துக் கற்பிக்கச் சொல்லலாம் என்கிறது. அந்தக் கொள்கையோடு நமக்குப் பல சண்டைகள் உண்டு, இந்த வரியோடு இல்லை. சம்பளப் பட்டியலில் அவர் பெயரை எழுத வேண்டிய அலுவலக உதவியாளர் ‘கல்வித் தகுதி’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவார்? அங்கே ஒரு சான்று வேண்டியிருக்கிறது. தேவை பார்க்காமல் எல்லாவற்றுக்கும் சான்று வைக்கப் பார்த்த நாடும் உண்டு. தென்னாப்பிரிக்கா 1995-இல் சட்டம் போட்டு எல்லாத் தொழில்களையும் சிறு சிறு அலகுகளாக உடைத்துத் தரம் எழுதியது. ஆயிரக்கணக்கில் எழுதினார்கள், பெரும்பகுதியை யாரும் தொடவே இல்லை. தேவைப்படும் இடத்திலிருந்து தொடங்காமல் அட்டவணையிலிருந்து தொடங்கினால் அப்படித்தான் ஆகும்.

பிரான்சு வேறு வழியில் போனது. 2002-இல் ஒரு சட்டம். வேலை அனுபவத்தை எழுத்தில் தொகுத்து, நடுவர் குழுவின் முன் நேரில் பேசி நிரூபித்தால், முழு டிப்ளமாவையே பெறலாம். கல்லூரியில் படித்தவர் வாங்கும் அதே டிப்ளமா, அதே தாள். ‘அனுபவசாலிகளுக்கு’ என்று தனியாக ஒரு மட்டமான சான்று அச்சடிக்கவில்லை. நம்முடைய முன்கற்றல் சான்றுக்கும் அதற்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். தேசியத் தொழில் தகுதி ஏழு நிலை; நாலு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளமா, ஏழு பட்டம். அந்த ஏழாம் நிலைக்கென்றே இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. தச்சு வேலையில் தொடங்கியவர் மேலே எங்கே போகலாம் என்று சுவரில் ஒட்டிய ஒரே தாளில் பார்த்துக்கொள்ளலாம். எல்லோரும் ஏறிவிடுகிறார்கள் என்று சொல்லவில்லை. வழி கண்ணுக்குத் தெரிகிறது.

நம் ஊருக்குத் திரும்புவோம். நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். அங்கே போனால், மடிக்கணினியும் தண்ணீர்ப் பாட்டிலும் வைத்துக்கொண்டு இளைஞர்கள் நாள் முழுக்கப் படிப்பதைப் பார்க்கலாம். சிலருக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். மதுரையில் வாழ்நாள் கல்வி இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அவர்கள் எழுதப்போவது போட்டித் தேர்வு. இடங்கள் இவ்வளவு என்று முதலிலேயே தீர்மானமாகிவிட்டது, அதற்கு மேல் எவ்வளவு கற்றிருந்தாலும் வெளியேதான். ஆறு ஆண்டு இந்திய வரலாறும் அரசமைப்பும் கணக்கும் படித்தவர், ஒரு மதிப்பெண்ணில் தவறினால் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் வீட்டுக்குப் போகிறார். பண்டிதர் தேர்வும் தட்டச்சுத் தேர்வும் அப்படி அல்ல. கோட்டைத் தாண்டிய எல்லோரும் தேறியவர்களே. நம் சமூகம் தகுதித் தேர்வை மறந்து போட்டித் தேர்வை மட்டுமே தேர்வு என்று எண்ணப் பழகிவிட்டது. அந்த இளைஞரின் ஆறு ஆண்டுப் படிப்பைக் கடன்புள்ளியாக மாற்றிக் கொடுக்க ஒரு வழி இருந்தால், நாற்பது புள்ளி வேண்டாம், பத்துப் புள்ளி கொடுத்தாலும் அவர் ஒரு பட்டயப் படிப்பின் நடுவிலிருந்து தொடங்குவார்.

புள்ளிகளைச் சேமிக்க 2021-லிருந்து ஒரு வங்கி இருக்கிறது, கல்விக் கடன்புள்ளி வங்கி. நல்ல யோசனை. ஒரு மாதப் பயிற்சியில் 200 மணி நேரம் கற்ற தொழிலாளிக்கு ஏறத்தாழ ஆறரைப் புள்ளி வரவாகும். ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதியில் அந்தப் புள்ளிகளுக்கு ஆயுள் அதிகபட்சம் ஏழு ஆண்டு. நான்காண்டுப் பட்டப்படிப்பை மனதில் வைத்து எழுதிய விதி. இருபத்தெட்டு வயதில் புள்ளி சேர்த்த பெண், இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வரும்போது முப்பத்தெட்டு ஆகியிருக்கும், கணக்கில் பூஜ்யம் இருக்கும். இதற்கு வாழ்நாள் கல்வி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்!

நேர்மையைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்வைத் திறந்துவிட்டால் ஆள் மாறாட்டமும் காசுக்குச் சான்றும் பெருகும் என்று ஆசிரிய நண்பர்கள் சொல்வீர்கள். உண்மை. அஞ்சல் வழிக் கல்வியின் பெயர் கெட்டதில் சில தேர்வு மையங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் அதற்கு மருந்தாக வருகைப் பதிவேட்டைக் கொண்டுவராதீர்கள். எழுபத்தைந்து விழுக்காடு வருகை என்பது உட்கார்ந்ததற்குச் சாட்சி, கற்றதற்குச் சாட்சி அல்ல. படித்த இடத்தைத் தளர்த்துங்கள், சோதிக்கும் கையை இறுக்குங்கள்.

மதுரையில் என்ன செய்யலாம்? கோ. புதூர் அரசு ஐ.டி.ஐ.யில் பட்டறை இருக்கிறது, கருவி இருக்கிறது, பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வாசல் பூட்டியிருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு, கொத்தனார், பிளம்பர், வெல்டர், தச்சர் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துவிட்டு வந்து செய்து காட்டலாம் என்று வைக்கட்டும். எழுத்துத் தேர்வு தமிழில், எழுத முடியாதவருக்கு வாய்மொழியில். மதிப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் வெளி மாவட்டத்துக்காரர்கள், அந்தத் தொழிலில் இருப்பவர்கள். தேறினால் ஐ.டி.ஐ. மாணவர் வாங்கும் அதே தேசியத் தொழிற்சான்று, தேறாவிட்டால் எந்தப் பகுதியில் குறை என்று எழுதிய ஒரு தாள். அந்தப் பகுதியை மட்டும் மாலை வகுப்பில் கற்றுவிட்டு அடுத்த முறை வரலாம். தேர்வன்று போகும் கூலியைக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் கொடுக்கட்டும். கட்டடச் செலவிலிருந்து தீர்வை வசூலித்து வைத்திருக்கும் வாரியம்தானே அது.

2013 அறிவிக்கையிலேயே, அரசுப் பணி நியமன விதிகளை இந்த நிலைகளின் அடிப்படையில் திருத்த வேண்டும் என்று இருக்கிறது. இந்த அவையில் நியமனக் குழுக்களில் இருப்பவர்கள், ஒப்பந்தப் புள்ளி விதிகளை எழுதுகிறவர்கள், கல்லூரிச் சேர்க்கைக் குழுவில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறீர்கள். அடுத்த விளம்பரமோ ஒப்பந்தப் படிவமோ உங்கள் மேசைக்கு வரும்போது, ‘பத்தாம் வகுப்பு தேர்ச்சி’ என்ற வரிக்குக் கீழே, இணையான திறன் நிலை உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மேலே அனுப்புங்கள். மேலே இருப்பவர் அடித்துவிட்டால், எந்த விதியின்படி அடித்தார் என்று அவரும் கோப்பில் எழுதியாக வேண்டும். அந்த விதி எது என்று தெரிந்துவிட்டால், அதை எப்படி மாற்றுவது என்று சங்கத் தோழர்களோடு உட்கார்ந்து பேசலாம்.